இற்றைப்படுத்தல் வழங்கியில் சேமிப்பிட மேலாண்மை

இற்றைப்படுத்தல் வழங்கியில் சேமிப்பிட மேலாண்மை என்பது, ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்கு மென்பொருள் இற்றைப்படுத்தல்களை வழங்கும் வழங்கியில், அவ்விற்றைப்படுத்தல்களின் பொதிகள் எடுத்துக்கொள்ளும் வன்தட்டு இடத்தைத் திட்டமிட்டுக் கட்டுக்குள் வைத்திருக்கும் பணி ஆகும். இக்கட்டுரை, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ் (சுருக்கமாக டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.) என்னும் மென்பொருளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியை விளக்குகின்றது.

இம்மென்பொருள் புதிய பொதிகளைத் தானாகவே பெற்றுக்கொள்ளும். ஆனால் பழைய பொதிகளைத் தானாக நீக்குவதில்லை. எந்தப் பொதி இனித் தேவையில்லை என்பதை நிர்வாகி முடிவு செய்து அறிவித்த பின்னரே இடம் விடுவிக்கப்படுகின்றது. எனவே சேமிப்பிட மேலாண்மை என்பது கோப்புகளை அழிக்கும் வேலை என்பதைவிட, ஒப்புதல்களை ஒழுங்காகப் பேணும் வேலை என்பதே பொருந்தும்.

பின்னணி

ஒரு நிறுவனத்தில் 200 கணினிகள் இருப்பதாகவும், ஓர் இற்றைப்படுத்தல் பொதி 500 மெகாபைட் அளவுடையது எனவும் கொள்வோம். ஒவ்வொரு கணினியும் இணையத்திலிருந்து அதனைத் தனித்தனியே பதிவிறக்கினால் மொத்தம் 100 கிகாபைட் தரவு நிறுவனத்தின் இணைய இணைப்பின் வழியாக வரவேண்டும். ஒரே ஒரு வழங்கி அதனைப் பதிவிறக்கி, உள் வலையமைப்பின் ஊடாகப் பிற கணினிகளுக்கு வழங்கினால் இணையத்திலிருந்து 500 மெகாபைட் மட்டுமே வந்தால் போதும். அத்துடன், எந்த இற்றைப்படுத்தல் எந்தக் கணினிக் குழுவிற்கு எப்போது செல்லவேண்டும் என்பதை நிர்வாகியே தீர்மானிக்கவும் இயலும். இவ்விரு நன்மைகளுக்கும் ஈடாக நிறுவனம் தர வேண்டியது வழங்கியின் வன்தட்டு இடம் ஆகும்.

மைக்ரோசாஃப்ட் இவ்வகையில் முதலில் வெளியிட்டது 2002 ஆம் ஆண்டின் சாஃப்ட்வேர் அப்டேட் சர்வீசஸ் ஆகும். இது விண்டோஸ் இயங்குதளத்திற்கான இற்றைப்படுத்தல்களை மட்டுமே கையாண்டது. 2005 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். என்ற புதிய பெயருடன் வெளிவந்த 2.0 பதிப்பு, ஆஃபிஸ், எஸ்.கியூ.எல். சர்வர், எக்ஸ்சேஞ்ச் போன்ற பிற மென்பொருட்களையும் உள்ளடக்கியது. வழங்கியைத் துப்புரவு செய்வதற்கான வழிகாட்டி, 2007 ஆம் ஆண்டில் வெளியான 3.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இம்மென்பொருள் இயங்குதளத்துடனேயே ஒரு பகுதியாக வழங்கப்பட்டு வருகின்றது.

பாதுகாப்புடனான தொடர்பு

வழங்கியின் வன்தட்டு நிரம்புவது வெறும் வசதிக் குறைவு அன்று. அது பாதுகாப்புச் சிக்கலாகும். பொதிகளை வழங்கியில் சேமிக்கும் முறையில், ஓர் இற்றைப்படுத்தலின் கோப்புகள் முழுமையாகப் பதிவிறக்கப்பட்ட பின்னரே அது பயனர் கணினிகளுக்கு வழங்கப்படுகின்றது. வன்தட்டில் இடமில்லையெனில் பதிவிறக்கம் தோல்வியடையும். மேலாண்மைச் சாளரத்தில் அந்த இற்றைப்படுத்தல் ஒப்புதல் பெற்றதாகவே காட்டப்படும். ஆனால் எந்தக் கணினியிலும் அது நிறுவப்படாது. வழங்கியின் நிகழ்வுப் பதிவேட்டில் 364 மற்றும் 10032 என்ற எண்களைக் கொண்ட பிழைச் செய்திகள் பதிவாகும். அப்பதிவேட்டை எவரும் பார்க்காத இடத்தில் இந்நிலை பல வாரங்கள் நீடிக்கலாம்.

இற்றைப்படுத்தல் வெளியாகும் நாளுக்கும் அது நிறுவப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பின்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

• பிளாஸ்டர் புழு: இது பயன்படுத்திய குறைபாட்டிற்கான இற்றைப்படுத்தல் 2003 ஜூலை 16 அன்று வெளியானது. புழு ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கியது. இடைவெளி 26 நாட்கள்.
• வான்னகிரை: இதற்கான இற்றைப்படுத்தல் 2017 மார்ச் 14 அன்று வெளியானது. தாக்குதல் மே 12 அன்று நிகழ்ந்தது. இடைவெளி 59 நாட்கள். இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் 81 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன. அங்குப் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை இற்றைப்படுத்தப்படாத விண்டோஸ் 7 கணினிகள் ஆகும்.

இந்நிகழ்வுகளுக்குச் சேமிப்பிடக் குறைவே காரணம் என்று கூற இயலாது. எனினும் இரண்டிலும் தீர்வு முன்னரே வெளியாகியிருந்தது. அது கணினிகளைச் சென்றடையவில்லை. நிரம்பிய வன்தட்டு இவ்விடைவெளியை எவரும் அறியாமலேயே நீட்டிக்கக் கூடிய காரணங்களுள் ஒன்றாகும்.

சேமிப்பிடத்தின் இரு பகுதிகள்

டபிள்யூ.எஸ்.யூ.எஸ். வழங்கியில் வன்தட்டு இடம் இரண்டு வகைகளில் செலவாகின்றது.

1. உள்ளடக்க அடைவு: இற்றைப்படுத்தல் கோப்புகள் இங்குச் சேமிக்கப்படுகின்றன. இதன் இருப்பிடத்தை நிறுவும்போது தெரிவு செய்யலாம். அது என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமையைக் கொண்ட பிரிவாக இருத்தல் வேண்டும். நிறுவல் வழிகாட்டி குறைந்தது 6 கிகாபைட் வெற்றிடம் தேவை என்று கூறுகின்றது. இது நிறுவுவதற்குப் போதுமான அளவேயன்றிப் பயன்பாட்டிற்குப் போதுமானதன்று. பல பதிப்புகளைக் கையாளும் நிறுவனங்களில் இவ்வடைவு நூற்றுக்கணக்கான கிகாபைட் வரை வளர்வதுண்டு.

2. தரவுத்தளம்: இற்றைப்படுத்தல்களைப் பற்றிய விபரங்கள் (மீதரவு), ஒப்புதல்கள், கணினிகளின் நிலை ஆகியவை இதில் உள்ளன. விண்டோஸுடன் வரும் உள்ளகத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால், உள்ளடக்க அடைவு வேறு பிரிவில் இருந்தாலும் தரவுத்தளக் கோப்பு இயங்குதளம் உள்ள பிரிவிலேயே இயல்பாக அமையும். எனவே இரு பிரிவுகளையும் கண்காணித்தல் அவசியமாகும்.

உள்ளடக்க அடைவினுள் கோப்புகள் அவற்றின் இயற்பெயர்களில் இருப்பதில்லை. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் எஸ்.எச்.ஏ.-1 என்ற கணிப்பு முறையால் பெறப்படும் 40 இலக்கங்கள் கொண்ட பதினறும மதிப்பே அதன் பெயராகும். அப்பெயரின் இறுதி இரண்டு இலக்கங்கள் எவையோ அவற்றைப் பெயராகக் கொண்ட துணை அடைவில் அக்கோப்பு வைக்கப்படும். பதினறும எண்முறையில் இரண்டு இலக்கங்களால் 256 சேர்க்கைகள் உருவாகும் என்பதால் துணை அடைவுகளின் எண்ணிக்கையும் 256 வரை இருக்கும். எந்தக் கோப்பு எந்த இற்றைப்படுத்தலுக்கு உரியது என்பது தரவுத்தளத்திற்கு மட்டுமே தெரியும். கோப்பின் பெயரையோ தேதியையோ பார்த்து அதன் தேவையை அறிய இயலாது.

இடம் பெருகுவதற்கான காரணங்கள்

திரள் இற்றைப்படுத்தல்கள்

2003 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் தனது பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகின்றது. தொடக்கத்தில் ஒவ்வொரு குறைபாட்டிற்கும் தனித்தனிச் சிறு பொதிகள் வந்தன. 2015 ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 10 இல் இம்முறை மாறியது. முந்தைய மாதங்களின் திருத்தங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய திரள் இற்றைப்படுத்தல் மாதந்தோறும் வெளியிடப்படலாயிற்று. 2016 அக்டோபரில் விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 ஆகியவையும் இம்முறைக்கு மாறின.

இம்முறையில் புதிய பொதி வந்தவுடன் பழைய பொதி பதிலீடு செய்யப்பட்டதாகக் குறிக்கப்படுகின்றது. புதியதை நிறுவிய கணினிக்குப் பழையது தேவையில்லை. ஆயினும் பழைய பொதி வழங்கியில் அப்படியே இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு திரள் பொதி 700 மெகாபைட் எனவும், நிறுவனத்தில் நான்கு விண்டோஸ் பதிப்புகள் உள்ளன எனவும் கொண்டால், ஓர் ஆண்டில் 700 × 4 × 12 = 33,600 மெகாபைட் சேரும். ஆண்டிறுதியில் உண்மையில் தேவைப்படுவது கடைசி மாதத்தின் 2,800 மெகாபைட் மட்டுமே. அதாவது, சேர்ந்தவற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கே பயனுள்ளது.

மொழிகள்

விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளங்களுக்கு ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பொதி இருந்தது. விண்டோஸ் விஸ்டா முதல் இயங்குதள இற்றைப்படுத்தல்கள் பெரும்பாலும் எல்லா மொழிகளுக்கும் பொதுவானவையாக அமைந்தன. எனினும் ஆஃபிஸ் மென்பொருளின் பழைய வகைப் பதிப்புகளுக்கும், விண்டோஸின் பெரும் பதிப்பு மேம்படுத்தல்களுக்கும் மொழிவாரியான கோப்புகள் உண்டு. எல்லா மொழிகளையும் தெரிவு செய்த வழங்கி, எவரும் பயன்படுத்தாத மொழிகளுக்கான கோப்புகளையும் பதிவிறக்கும்.

பெரும் பதிப்பு மேம்படுத்தல்கள்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பிற்கு மாறுவதற்கான பொதிகள் ஒவ்வொன்றும் சில கிகாபைட் அளவுடையவை. ஆராயாமல் இவ்வகைக்கு ஒப்புதல் அளித்தால் வன்தட்டு விரைவாக நிரம்பும்.

வன்பொருள் இயக்கிகள்

அச்சுப்பொறி, வரைகலை அட்டை போன்றவற்றின் இயக்கிகள் எண்ணிக்கையில் மிகுதியானவை. இவ்வகையை ஒத்திசைத்தால் கோப்புகளைவிட முதலில் தரவுத்தளமே பெருக்கும். எனவே பல நிர்வாகிகள் இதனைத் தவிர்க்கின்றனர்.

விரைவு நிறுவல் கோப்புகள்

இத்தெரிவு, பயனர் கணினியில் ஏற்கனவே உள்ளதற்கும் புதியதற்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் அனுப்ப உதவுகின்றது. இதனால் உள் வலையமைப்பில் செல்லும் தரவு குறையும். ஆனால் எல்லாச் சாத்தியமான வேறுபாடுகளையும் வழங்கி தன்னிடம் வைத்திருக்க வேண்டியிருப்பதால், வழங்கியில் தேவைப்படும் இடமும் இணையத்திலிருந்து பதிவிறக்கும் அளவும் பெரிதும் கூடும். வலையமைப்பு மெதுவாகவும் வன்தட்டு தாராளமாகவும் உள்ள இடத்திற்கே இது ஏற்றது.

தானியங்கு ஒப்புதல்

தெரிவு செய்த வகைகளைச் சேர்ந்த அனைத்திற்கும் தானாக ஒப்புதல் அளிக்கும் விதிகளை நிர்வாகி அமைக்கலாம். இது இற்றைப்படுத்தலை விரைவுபடுத்தும். ஆனால் இவ்வாறு அளிக்கப்பட்ட ஒப்புதல், பொதி பழையதான பின்னரும் நீடிக்கும். பல வழங்கிகள் நிரம்புவதற்கு இதுவே முக்கியக் காரணமாகும். இது குறித்துக் கீழே விரிவாகக் கூறப்பட்டுள்ளது.

தேவையைத் தொடக்கத்திலேயே குறைத்தல்

பதிவிறக்கிய பின் நீக்குவதைவிடப் பதிவிறக்காமல் இருப்பது எளிது. இதற்குப் பின்வரும் அமைப்புகள் பயன்படுகின்றன.

• நிறுவனத்தில் உண்மையில் உள்ள மென்பொருட்களை மட்டும் தெரிவு செய்தல். ஒரு மென்பொருள் பயன்பாட்டிலிருந்து நீங்கியதும் அதற்கான தெரிவையும் நீக்குதல்.
• தேவையான மொழிகளை மட்டும் தெரிவு செய்தல். ஒரு மொழியின் தெரிவை நீக்கினால் இனி வரும் கோப்புகள் குறையும். முன்னரே பதிவிறக்கப்பட்டவை அச்செயலால் மட்டும் நீங்குவதில்லை.
• ஒப்புதல் அளித்த பின்னரே கோப்புகளைப் பதிவிறக்கும் தெரிவை வைத்திருத்தல். இதுவே இயல்பான அமைப்பாகும். இதன்படி, ஒத்திசைவின்போது மீதரவு மட்டும் வரும். ஒப்புதல் கிடைத்த பின்னரே கோப்பு வரும்.
• கோப்புகளை வழங்கியில் சேமிக்காதிருத்தல். இத்தெரிவில் எதை நிறுவுவது என்பதை வழங்கி கூறும். கோப்புகளைப் பயனர் கணினிகள் மைக்ரோசாஃப்டின் வழங்கிகளிலிருந்து நேரடியாகப் பெறும். உள்ளடக்க அடைவின் சுமை பெரும்பாலும் நீங்கும். ஆனால் இணைய இணைப்பின் சுமை கூடும். நல்ல இணைய இணைப்பும் சில கணினிகளும் கொண்ட கிளை அலுவலகங்களுக்கு இது பொருந்தும்.

இம்மென்பொருளில் செயலியின் வகையைப் பொறுத்துத் தெரிவு செய்யும் வசதி இல்லை. எனவே நிறுவனத்தில் இல்லாத செயலிகளுக்கான இற்றைப்படுத்தல்களின் விபரங்களும் ஒத்திசைவில் வந்து சேரும். அவற்றைத் தலைப்பைக் கொண்டு இனங்கண்டு நிராகரிக்க வேண்டும்.

துப்புரவு வழிகாட்டி

3.0 பதிப்பில் அறிமுகமான வழங்கித் துப்புரவு வழிகாட்டி ஐந்து பணிகளைச் செய்கின்றது.

1. 30 நாட்கள் அல்லது அதற்கு மேல் ஒப்புதல் பெறாத பழைய இற்றைப்படுத்தல்களையும் அவற்றின் பழைய திருத்தங்களையும் தரவுத்தளத்திலிருந்து நீக்குதல்.
2. 30 நாட்கள் அல்லது அதற்கு மேல் வழங்கியுடன் தொடர்பு கொள்ளாத கணினிகளின் பதிவை நீக்குதல்.
3. எந்த இற்றைப்படுத்தலுக்கும், எந்தக் கீழ்நிலை வழங்கிக்கும் தேவைப்படாத கோப்புகளை அழித்தல்.
4. மைக்ரோசாஃப்ட் விலக்கிக்கொண்டவற்றுள் ஒப்புதல் பெறாதவற்றை நிராகரித்தல்.
5. பதிலீடு செய்யப்பட்டவற்றுள் சிலவற்றை நிராகரித்தல்.

வன்தட்டு இடத்தை உண்மையில் விடுவிப்பது மூன்றாவது பணியாகும். ஆனால் எந்தக் கோப்பு தேவையற்றது என்பது நிராகரிப்பைப் பொறுத்தது. ஐந்தாவது பணி ஓர் இற்றைப்படுத்தலை நிராகரிப்பதற்கு மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும்: அது 30 நாட்களாக ஒப்புதல் பெறாததாக இருக்க வேண்டும், எந்தக் கணினிக்கும் தற்போது தேவைப்படாததாக இருக்க வேண்டும், அதனைப் பதிலீடு செய்யும் இற்றைப்படுத்தல் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையின் விளைவு கவனிக்கத்தக்கது. ஒப்புதல் பெற்ற பழைய இற்றைப்படுத்தல் எதனையும் வழிகாட்டி தொடுவதில்லை. தானியங்கு ஒப்புதல் விதி உள்ள வழங்கியில் ஏறக்குறைய எல்லாமே ஒப்புதல் பெற்றவையாக இருக்கும். அங்கு வழிகாட்டியை எத்தனை முறை இயக்கினாலும் மிகச் சிறிய அளவு இடமே கிடைக்கும். வழிகாட்டி பழுதடைந்துவிட்டது எனச் சிலர் எண்ணுவதற்கு இதுவே காரணமாகும். உண்மையில் அது நிர்வாகியின் ஒப்புதலை மதித்தே நடந்துகொள்கின்றது.

விண்டோஸ் சர்வர் 2012 முதல் இப்பணிகளைப் பவர்ஷெல் கட்டளை மூலமாகவும் செய்யலாம். இதனைக் குறித்த நேரத்தில் தானாக இயங்குமாறு அமைக்க இயலும்.

முறையான வரிசை

இடத்தை மீட்பதற்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை பின்வருமாறு:

1. தரவுத்தளத்தைக் காப்புப் படி எடுத்தல்.
2. தரவுத்தளத்தின் சுட்டு அட்டவணைகளைச் சீரமைத்தல். நீண்ட காலம் பேணப்படாத வழங்கியில் இதனைச் செய்யாமல் துப்புரவைத் தொடங்கினால் அது பல மணி நேரம் ஓடிப் பாதியில் நின்றுவிடக் கூடும்.
3. பதிலீடு செய்யப்பட்டவற்றின் பட்டியலை எடுத்தல். மேலாண்மைச் சாளரத்தில் இதற்கான நிரல் இயல்பாக மறைந்திருக்கும். அதனைக் காட்டச் செய்தால் ஒவ்வோர் இற்றைப்படுத்தலும் பிறிதொன்றைப் பதிலீடு செய்கின்றதா, பிறிதொன்றால் பதிலீடு செய்யப்பட்டதா என்பதைக் குறியீடு காட்டும்.
4. அவற்றைப் பதிலீடு செய்யும் புதியவை ஒப்புதல் பெற்று, கணினிகளில் நிறுவப்பட்டுள்ளனவா எனச் சரிபார்த்தல்.
5. பழையவற்றை நிராகரித்தல்.
6. துப்புரவு வழிகாட்டியை இயக்குதல்.

நான்காவது படியைத் தவிர்த்தால் ஆபத்து உண்டு. ஒரு புதிய பொதி, பழைய பொதி பொருந்திய எல்லா இயங்குதளங்களுக்கும் பொருந்தும் என்ற உறுதி இல்லை. பழையது மட்டுமே பொருந்தும் கணினி ஒன்று இருக்கையில் அதனை நிராகரித்தால், அக்கணினிக்கு அந்தத் திருத்தம் கிடைக்காமலே போகும். மேலும், புதிய பொதி ஏதேனும் கோளாறை ஏற்படுத்தினால் திரும்பிச் செல்வதற்குப் பழையது தேவைப்படும். எனவே பதிலீடு செய்யப்பட்ட உடனேயே நிராகரிக்காமல், ஒன்று அல்லது இரண்டு மாதங்கள் கழித்து நிராகரிப்பது நிர்வாகிகளின் வழக்கமாகும்.

நிராகரித்தலால் மற்றொரு நன்மையும் உண்டு. பயனர் கணினி தனக்குத் தேவையானவற்றைத் தேடும்போது, நிராகரிக்கப்படாத இற்றைப்படுத்தல்களின் மீதரவை வழங்கி அளிக்கின்றது. இத்தொகுதி பெரிதானால் வழங்கியின் நினைவகச் சுமை கூடும். இணைய வழங்கிப் பகுதிக்கான இயல்பான நினைவக வரம்பு சுமார் 1.8 கிகாபைட் ஆகும். இதனை மீறும்போது அப்பகுதி நின்றுபோய், கணினிகளின் தேடல் தோல்வியடையும். ஆகவே தேவையற்றவற்றை நிராகரிப்பது வன்தட்டையும் நினைவகத்தையும் ஒருசேரக் காக்கின்றது.

தரவுத்தளத்திலிருந்து விபரங்களை நீக்கினாலும் தரவுத்தளக் கோப்பின் அளவு உடனே குறைவதில்லை. விடுபட்ட இடம் கோப்பினுள்ளேயே வெற்றிடமாக இருந்து, பின்னர் வரும் விபரங்களுக்குப் பயன்படும்.

கோப்புகளைக் கையால் அழித்தல்

வன்தட்டு நிரம்பிய அவசரத்தில் உள்ளடக்க அடைவிலுள்ள கோப்புகளைத் தேதி பார்த்து அழிப்பது பிழையான வழியாகும். கோப்பு அழிந்தாலும், அது உள்ளதாகவே தரவுத்தளம் கருதும். பயனர் கணினி அக்கோப்பைக் கேட்கும்போது பிழை ஏற்பட்டு நிறுவல் தோல்வியடையும்.

இவ்வாறு நேர்ந்துவிட்டால், வழங்கியுடன் வரும் கட்டளைவரிக் கருவியின் மீட்டமைப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அது தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வோர் ஒப்புதலுக்கும் உரிய கோப்பு வன்தட்டில் உள்ளதா எனச் சோதித்து, இல்லாதவற்றை மீண்டும் பதிவிறக்கும். ஒப்புதல்களைக் குறைக்காமல் இக்கட்டளையை இயக்கினால் அழிக்கப்பட்ட அனைத்தும் திரும்பி வந்து வன்தட்டு மறுபடியும் நிரம்பும் என்பது குறிப்பிடத்தக்கது.

பெரிய வன்தட்டிற்கு மாற விரும்பினால், அதே கருவியின் உள்ளடக்க இடமாற்றக் கட்டளை உண்டு. அது கோப்புகளைப் புதிய இடத்திற்குப் படியெடுத்து, தரவுத்தளத்தில் உள்ள இருப்பிட விபரத்தையும் மாற்றுகின்றது. பழைய இடத்தில் உள்ள படிகளை, புதிய இடம் சரியாக இயங்குவதை உறுதி செய்த பின் நிர்வாகியே அழிக்க வேண்டும்.

பல வழங்கிகள் உள்ள நிறுவனங்கள்

பெரிய நிறுவனங்களில் ஒரு மேல்நிலை வழங்கி மைக்ரோசாஃப்டிலிருந்து பெற்றதைக் கிளைகளில் உள்ள கீழ்நிலை வழங்கிகள் அதனிடமிருந்து பெறுகின்றன. கீழ்நிலை வழங்கிகளுக்குத் தேவையான மொழிகள் அனைத்தும் மேல்நிலை வழங்கியிலும் தெரிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எனவே மிகுதியான இடம் தேவைப்படுவது மேல்நிலை வழங்கிக்கே ஆகும்.

இவ்வமைப்பில் இரு செயல்களின் திசைகள் எதிரெதிரானவை. ஒப்புதலும் நிராகரிப்பும் மேலிருந்து கீழே பரவுகின்றன. துப்புரவோ கீழ்நிலை வழங்கியில் தொடங்கி மேல்நோக்கிச் செய்யப்பட வேண்டும். மேல்நிலை வழங்கியை முதலில் துப்புரவு செய்தால், கீழே இன்னும் உள்ள விபரங்கள் மேலே இல்லாத நிலை தோன்றி ஒத்திசைவில் பிழைகள் ஏற்படலாம்.

இணையத்துடன் இணைக்கப்படாத வலையமைப்புகளில், இணைய இணைப்புள்ள வழங்கியிலிருந்து மீதரவை ஏற்றுமதி செய்து, உள்ளடக்க அடைவையும் படியெடுத்து, இரண்டையும் புற வட்டு மூலம் கொண்டுசெல்ல வேண்டும். இங்கு ஒவ்வொரு தேவையற்ற கோப்பும் வன்தட்டு இடத்தை மட்டுமன்றி, படியெடுக்கும் நேரத்தையும் வீணாக்குகின்றது.

பயனர் கணினிகளில் சேமிப்பிடம்

வழங்கியில் இடம் இருந்தாலும் பயனர் கணினியில் இல்லையெனில் நிறுவல் தோல்வியடையும். பயனர் கணினியில் இடம் இரண்டு இடங்களில் செலவாகின்றது. ஒன்று, பதிவிறக்கிய பொதிகளைத் தற்காலிகமாக வைக்கும் அடைவு. மற்றொன்று, இயங்குதளக் கூறுகளின் பழைய, புதிய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கூறுக் கிடங்கு ஆகும். நிறுவிய இற்றைப்படுத்தலை நீக்க நேர்ந்தால் பழைய கூறுகள் தேவை என்பதால் அவை உடனே அழிக்கப்படுவதில்லை.

2013 அக்டோபரில் விண்டோஸ் 7 இன் வட்டுத் துப்புரவுக் கருவியில் பழைய இற்றைப்படுத்தல்களை நீக்கும் வசதி சேர்க்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் சுமார் 7 கிகாபைட் இடம் இற்றைப்படுத்தல்களுக்கென ஒதுக்கி வைக்கப்படுகின்றது. கூறுக் கிடங்கை மேலும் சுருக்கும் கட்டளையும் உண்டு. அதன் முழுமையான வடிவத்தைப் பயன்படுத்தினால் அதுவரை நிறுவியவற்றை நீக்க இயலாது.

பிற இயங்குதளங்களில்

இச்சிக்கல் விண்டோஸுக்கு மட்டும் உரியதன்று. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் ஆப்ட் கருவி பதிவிறக்கிய பொதிகள் ஓர் இடைமாற்று அடைவில் சேர்கின்றன. அவற்றை முழுவதுமாக நீக்க ஒரு கட்டளையும், களஞ்சியத்தில் இனிக் கிடைக்காத பழையவற்றை மட்டும் நீக்க வேறொரு கட்டளையும் உண்டு. ஃபெடோராவின் டி.என்.எஃப். கருவி, நிறுவல் முடிந்ததும் பொதிகளை இயல்பாகவே வைத்திருப்பதில்லை.

லினக்ஸ் கணினிகளில் அடிக்கடி நிரம்புவது தொடக்கக் கோப்புகளுக்கான சிறு பிரிவாகும். ஒவ்வொரு கருநிரல் இற்றைப்படுத்தலும் பழைய கருநிரலை அழிக்காமல் புதியதை அதனருகில் நிறுவுகின்றது. புதியது இயங்காவிடில் பழையதைக் கொண்டு கணினியைத் தொடங்கலாம் என்பதே இதன் நோக்கம். டி.என்.எஃப். இயல்பாக மூன்று கருநிரல்களை மட்டும் வைத்துக்கொள்கின்றது. திரும்பிச் செல்லும் வழியை விட்டுவைத்துக்கொண்டு எஞ்சியதை நீக்குதல் என்ற கொள்கை இங்கும் பின்பற்றப்படுவதைக் காணலாம்.

இன்றைய நிலை

2023 மார்ச் மாதத்தில் விண்டோஸ் 11 இன் இற்றைப்படுத்தல்களை நிறுவன வழங்கிகளுக்கு அளிக்கும் முறை மாற்றப்பட்டது. புதிய ஒருங்கிணைந்த முறையில், விண்டோஸின் ஒவ்வொரு பதிப்பிற்கும் செயலி வகைக்கும் கூடுதலாக ஏறக்குறைய 10 கிகாபைட் இடம் தேவைப்படும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

2024 செப்டம்பரில், டபிள்யூ.எஸ்.யூ.எஸ். மென்பொருளில் இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எனினும் அது அகற்றப்படவில்லை. விண்டோஸ் சர்வர் 2025 இலும் அது இடம்பெற்றுள்ளது. கோப்புகளை நிறுவனத்தின் வழங்கியில் சேமிக்காமல் மேகக் கணிமை வழியாக இற்றைப்படுத்தும் இன்டியூன், விண்டோஸ் ஆட்டோபேட்ச் போன்ற சேவைகளுக்கு மாறுமாறு அந்நிறுவனம் பரிந்துரைக்கின்றது. இணையத்துடன் இணைக்கப்படாத வலையமைப்புகளுக்கு இம்மாற்றம் எளிதன்று.

2025 அக்டோபரில் இம்மென்பொருளிலேயே ஒரு கடுமையான குறைபாடு கண்டறியப்பட்டது. கடவுச்சொல் எதுவுமின்றித் தொலைவிலிருந்து வழங்கியில் நிரல்களை இயக்க அது வழிவகுத்தது. மாத இற்றைப்படுத்தலில் வெளியான முதல் திருத்தம் முழுமையாக இல்லாததால், அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பிற கணினிகளை இற்றைப்படுத்தும் வழங்கியும் இற்றைப்படுத்தப்பட வேண்டிய ஒரு கணினியே என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. அத்தகைய நாளில் திருத்தத்தை உடனே நிறுவுவதற்கு, அவ்வழங்கியின் இயங்குதளப் பிரிவிலும் போதிய வெற்றிடம் இருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

• இயங்குதளம்
• கணினிப் பாதுகாப்பு
• தரவுத்தள மேலாண்மை
• வன்தட்டு
• வான்னகிரை
• விண்டோஸ் சர்வர்